வந்த பாட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிறந்த வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லியே கெங்குவார்பட்டியிலிருந்து மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஓர் ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் வீட்டில் அடங்கிவிடுவேன் என்று நினைப்பு. நான் போன நேரம், அந்த ஊரில் பங்குனிக் கும்மிக்கு முன்பாட்டுப் பாட ஆள் இல்லை. அதுவரை பாடிக்கொண்டிருந்த வயசான அம்மா ஒருத்திக்குத் தொண்டை கட்டிக்கொண்டு சரியாகவே இல்லையாம். மறு வருஷமே என்னைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்திவிட்டார்கள். இந்த வாயால் நான் கண்ட ஒரே லாபம் அதுதான்.

அம்மன் திருநாளுக்கு முளைப்பாரி வளர்த்து, கடைசி நாள் சாயங்காலம் ஆற்றில் கொண்டுபோய்க் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஊரில் கூடுதலாக ஒரு சட்டம் இருந்தது. முளைப்பாரியைத் தலையில் தூக்கும் முன்னால் கோயில் வாசலில் பெண்கள் கும்மியடித்து 'வந்த பாட்டு' முழுவதையும் பாடி முடிக்க வேண்டும். ஊரில் இருக்கிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. எங்கிருந்து வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள், வரும்போது என்ன கொண்டுவந்தார்கள் என்று வரும். பஞ்சம் பிழைக்கக் கிழக்கே இருந்து வந்தவர்கள், பெரியாற்றுத் தண்ணீர் இறங்கிய பிறகு ஏரும் மாடுமாக வந்தவர்கள், எல்லோரும் உண்டு. பாட்டில் ஏறிய வீட்டுக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் உண்டு, சுடுகாட்டில் இடம் உண்டு. பாட்டில் இல்லாத வீடு ஊரில் இல்லாத வீடுதான்.

முதல் பங்கு என் மாமனார் கூட்டத்துக்கு. ஊரில் மாமா சொன்னதுதான் சட்டம். அவர்கள் பாட்டு இப்படிப் போகும்:

வடக்க இருந்து வந்தாக – அண்ணன்
தம்பிக ஏழு பேர் வந்தாக
சாமி பெட்டியத் தலையில வச்சு – வைகை
வெள்ளத்தத் தாண்டி வந்தாக

புதுப்பெண்ணாக இருந்தபோது மாமியாரிடம் கேட்டேன். "அண்ணன் தம்பி ஏழு பேருன்னு பாடுறோம். நாலு வீட்டுக்காரகதான இருக்கீக. மிச்ச மூணு வீடு எங்கன அத்தை?" அத்தை அடுப்பை ஊதுவதை நிறுத்தாமல், "சாமி பாட்டுல கணக்கு கேக்காத" என்றார்கள். திருநாளுக்கு முதல் நாள் மாமா ஆற்றங்கரைக்குப் போய் மூன்று இலை போட்டுப் படைப்பார். ஆற்றுக்குப் படைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் வருஷாவருஷம் பொங்கிக் கொடுத்தேன். அடி வாங்காமல் வாயை மூடிக்கொண்ட சமயங்களில் அதுவும் ஒன்று.

ஜப்பான்காரனிடம் ரங்கூன் விழுந்த மறு வருஷம் அது. பர்மா அரிசி வருவது நின்றுபோய்விட்டது, பர்மாவிலிருந்து ஆள்தான் வருகிறது என்று சாவடியில் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மார்கழியில் நிஜமாகவே ஒரு குடும்பம் வந்து வாய்க்கால் கரையில் ஓலை சாத்திக்கொண்டு உட்கார்ந்தது. புருஷன், பெண்டாட்டி, ஒரு பையன். அவன் பர்மாவில் நெல் ஆலையில் வேலை பார்த்தவன். அவனுக்கு மலைக்காய்ச்சல் விட்டும் விடாமலும் இருந்தது. ராமநாதபுரம் சீமையில் அவர்கள் பாட்டன் ஊரில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அடையாளம் சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. தண்ணீர் இருக்கிற சீமை என்று யாரோ சொல்ல, இங்கே வந்துவிட்டார்கள்.

ஊர் இரண்டுபட்டது. அறுப்புக்கு ஆள் கிடைக்கும், இருக்கட்டும் என்றார்கள் நிலம் வைத்திருந்தவர்கள். கூலி குறைந்துபோகும், வேண்டாம் என்றார்கள் கூலிக்குப் போகிறவர்கள். நமக்கே அரிசி இல்லை, இதில் மூன்று வயிறா என்று ஒரு கட்சி. எந்தக் கூட்டமோ, என்ன நோயோ என்று இன்னொரு கட்சி. கடைசியில் மாமா தீர்த்துச் சொன்னார். "இன்னைக்கு ஒரு குடிசைன்னு விட்டா நாளைக்குப் பத்து வரும். திருநாள் முடியட்டும். மறுநாள் பிரிச்சுப் போட்டுக் கம்பம் ரோட்டுல விட்ருவோம். மலைத் தோட்டத்துல வேலை கெடைக்கும், போகட்டும்."

காய்ச்சலில் நடுங்குகிறவனை மலையேறச் சொல்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு மாமாவுக்குச் சோறு போட்டபோது கரண்டிச் சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் இருந்திருக்கும். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவர் அப்பாவுக்கு எதிரே என்றைக்குத் தூக்கியிருக்கிறார்?

மறுநாள் துணி துவைக்கிற சாக்கில் வாய்க்காலுக்குப் போனேன். அந்தக் குடிசைக்காரி துவைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "உங்களப் பாட்டுல ஏத்தலாம்னு இருக்கேன். எந்த வழியா வந்தீக, என்ன கொண்டாந்தீக, சொல்லு."

"கப்பல்ல எடம் இல்லைன்னுட்டாகக்கா. காட்டு வழியாத்தான் நடந்தோம். கொண்டாந்தது ஒண்ணும் இல்ல." துணியைக் கல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நாலு பேராத்தான் கெளம்புனோம். மக பெரியவ. மலை எறங்குறப்ப அவளுக்கு வயித்தால போச்சு. கூட வந்தவுக நிக்க மாட்டேன்னுட்டாக. எலையப் போட்டு மூடிட்டு வந்துட்டோம்."

பெற்ற வயிறு எப்படி அதைத் தாங்கியதோ. அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஈரக் கையோடு.

"பாட்டுல பிள்ளைக ரெண்டுன்னே பாடுங்கக்கா. ஒண்ணுன்னு பாடாதீக. ஒண்ணுன்னு பாடுனா அவ அங்கனயே கெடந்துருவா."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. குடிசை நிற்பதும் போவதும் ஒரு பாட்டில் இருந்தது. அந்தப் பாட்டு என் வாயில் இருந்தது.

கடைசி நாள் சாயங்காலம் கோயில் வாசலில் முளைப்பாரிகள் வரிசையாக இருந்தன. பெண்கள் வட்டமாக நின்றோம். எதிரே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் மாமா. வட்டத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில், அவள் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கும் முன் மாமா கையைத் தூக்கினார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று வீட்டிலேயே அவருக்கு மூக்கில் வேர்த்திருக்கிறது.

"ஏத்தா, ஒரு பேச்சு. வந்தேறிக பாட்டு எதுவும் இங்கன பாடக் கூடாது. சொல்லிட்டேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் குரல் மட்டும் நன்றாகவே வந்தது.

"சரி மாமா. வந்தவக பாட்டு வேண்டாம்னு சொல்லிட்டீக. பாடல."

குனிந்து கும்மி தட்டினேன். பாட்டு இல்லாமல், வெறும் கை. ஒரு சுற்று நான் மட்டும் தட்டினேன். அப்புறம் தொண்டை கட்டிய அந்தப் பழைய பாட்டுக்காரி என் பின்னால் தட்ட ஆரம்பித்தாள். பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கைத்தட்டல் மட்டும் கோயில் வாசலில் சுற்றிச் சுற்றி வந்தது. தப்புப் பறை அடிக்கிறவர் எந்த இடத்தில் சேருவதென்று தெரியாமல் கோலைக் கீழே இறக்கிவிட்டார்.

"பாட்டு எங்கத்தா?" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

"எந்தப் பாட்டப் பாட?" என்றேன். "மொதப் பாட்டே வடக்க இருந்து வந்தாகன்னுதான ஆரம்பிக்குது. அடுத்தது கிழக்க இருந்து. வராதவக பாட்டு ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க, பாடுறோம்."

மேற்கு மலையில் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது அடையும் முன் முளைப்பாரி ஆற்றுக்குப் போயாக வேண்டும். பாட்டு முடியாமல் தூக்கினால் ஊருக்கு ஆகாது. அது என்னைவிட மாமாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துப்போய் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கும் பயம்தான். கை மட்டும் நிற்கவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

மாமா மலையைப் பார்த்தார். முளைப்பாரியைப் பார்த்தார். "பாடித் தொலைங்க" என்றார்.

முதல் பாட்டிலிருந்து தொடங்கினேன். தப்பு சேர்ந்துகொண்டது. எல்லாக் கூட்டத்தையும் பாடி முடித்து, மூச்சு விடாமல் புதுசைப் பிடித்தேன்:

கப்பலு இல்லைன்னு காட்டு வழியில
காலு வெடிக்க நடந்து வந்தாக
புருசனும் பொண்டாட்டி பிள்ளைக ரெண்டுமா
பொழைக்க நம்ம ஊரு வந்தாக

"நிறுத்துத்தா!" என்று ஒருவர் எழுந்தார். கூலி குறைந்துபோகும் என்று அதிகம் பேசியவர் அவர். "பிள்ளை ஒண்ணுதான இருக்கு? அம்மன் வாசல்ல பொய்ப் பாட்டா பாடுறீக?"

கும்மி நின்றுபோனது. எல்லாத் தலையும் வேப்பமரத்துப் பக்கம் திரும்பியது. அவள் பையனை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டாள். "ரெண்டுதான்யா" என்றாள். "ஒண்ணு வழியில நின்னுபோச்சு."

"அப்ப வந்தது ஒண்ணுதான? வராத பிள்ளைய எப்படிப் பாடுறது?"

நான் திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் கேட்டதில் தப்பு என்ன என்று எனக்கே தெரியவில்லை. அந்த இடத்தில்தான் மாமா, தீர்ப்புச் சொல்கிறபோது எடுப்பதுபோல், துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். முடிந்தது, குடிசையும் போச்சு, நாமும் போனோம் என்று நினைத்தேன்.

"ஏலே, உக்காரு" என்றார், எழுந்தவரைப் பார்த்து. "எங்க பாட்டுல ஏழு பேரு வர்றாக. ஊரு வந்து சேந்தது நாலு பேரு. மூணு பேரு வைகையோட போனாக. ஏழுன்னுதான எங்க அப்பன் காலத்துலயும் பாடுனாக? என்னைக்காச்சும் ஒருத்தன் கேட்டிருப்பானா பொய்ப் பாட்டுன்னு?"

எழுந்தவர் உட்கார்ந்தார். அந்த மூன்று இலை யாருக்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் நானே பொங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே, "பொழுது எறங்குது. ரெண்டுன்னே பாடுத்தா" என்றார்.

பாடினேன். கூட்டத்தில் யார் அழுதார்கள், யார் முறைத்தார்கள் என்று பார்க்கவில்லை. குரல் உடையாமல் கடைசி அடியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. முளைப்பாரி பொழுதோடு ஆற்றுக்குப் போனது.

மறுநாள் குடிசையைப் பிரிக்க யாரும் போகவில்லை. இருக்கட்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. சாவடியில் முணுமுணுப்பு ஓயவும் இல்லை. ஊர்க் கிணற்றில் அவள் குடத்தைப் பார்த்து நகர்ந்து நின்றவர்கள் உண்டு. அவர்களோடு நான் போட்ட சண்டைக்குத் தனியாக ஒரு பாட்டு கட்டலாம். மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு வேண்டுமென்றாலும் அத்தையிடம்தான் சொல்வார். எதிர்த்துப் பேசியவளை அவர் மன்னிக்கவில்லை, நானும் போய்க் கெஞ்சவில்லை.

அடுத்த பங்குனியில், திருநாளுக்கு முதல் நாள், வழக்கம்போலப் படையலுக்குப் பொங்கித் தூக்கிக்கொண்டு மாமா பின்னால் ஆற்றங்கரைக்குப் போனேன். அவள் எங்களுக்கு முன்பே அங்கே வந்து, தள்ளி நின்றிருந்தாள். யார் சொல்லி வந்தாளோ, நான் சொல்லவில்லை. மாமா மூன்று இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். பிறகு மடியிலிருந்து இன்னொரு நுனி இலையை எடுத்தார். கத்தியால் அதைப் பாதியாக நறுக்கி, ஒரு பிள்ளைக்குப் போடுகிற அளவில், மூன்றாவது இலைக்குப் பக்கத்தில் விரித்தார்.

"இங்கன வாத்தா" என்று அவளைக் கூப்பிட்டார். "அதுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லு."