வாப்பாவின் காணியில் விழுந்த வெயில்

தாவரவியல் படித்து முடித்தவளுக்குப் புத்தளத்தில் வேலை கிடைப்பது அரிது. சில வருடம் டியூஷன் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்தேன். பிறகு ஒரு நாள், பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் உதவிக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். சிலாபத்துப் பக்கம் பிறந்த சிங்களப் பெண்; தமிழை நிதானமாகவும் சுத்தமாகவும் பேசுவார். நான் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நிலத்தில் விழும் வெயிலில் எவ்வளவு செடிகொடியாக மாறுகிறது, எவ்வளவு வீணாகப் போகிறது என்று பார்ப்பதுதான் மிஸ்ஸின் ஆராய்ச்சி. வெயில் எங்கள் ஊரில் யாரும் கேட்காமலே கிடைக்கிற ஒரே பொருள். அதை யார் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்க ஒருவர் வருவார் என்று நாங்கள் நினைத்ததேயில்லை.

மூன்று இடம் தேவைப்பட்டது. களப்பு ஓரத்து உப்புச் சேற்றில் வளர்கிற கண்டல் காடு ஒன்று. ஆலங்குடாவில் ஒரு வெங்காயத் தோட்டம் இரண்டாவது. மூன்றாவதாக ஒரு தென்னங்காணி வேண்டும் என்றார். மதுரங்குளியில் வாப்பாவுக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. அதை மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன்.

"காணியை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்க. இருக்கிறபடி இருக்கட்டும்" என்றார் மிஸ்.

அப்படியே வாப்பாவிடம் சொன்னேன்.

"மகள், வீட்டுக்கு ஆள் வரக்குள்ள கூட்டாமல் வைக்கிறதா?" என்றார் வாப்பா.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, மன்னாரில் வீட்டையும் காணியையும் விட்டுவிட்டு, கையில் ஒரு பையோடு வந்தவர். முகாமில் இருந்து, கூலி வேலை செய்து, பிறகு வியாபாரம் பார்த்து வாங்கிய காணி அது. சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான் என்பது ரோட்டில் போகிறவனுக்கும் தெரிய வேண்டும் என்று அதை வைத்திருந்தார். இரண்டு ஆளைப் பிடித்து, மரங்களுக்கு இடையில் இருந்த புல்லையும் பூண்டையும் தானாக முளைத்த கொடியையும் வேரோடு பிடுங்குவித்தார். மிஸ் வந்து இறங்கியபோது தென்னைகளுக்குக் கீழே வெள்ளை மணல் பெருநாள் வீட்டு முற்றம் மாதிரிப் பளபளத்தது.

மிஸ் அந்த மணலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். பிறகு, "நல்ல துப்புரவா இருக்கு அங்கிள்" என்றார். வாப்பாவுக்கு முகம் மலர்ந்துபோனது.

அன்றிலிருந்து அளந்தோம். நீளமான கோல் ஒன்றில் வெளிச்சத்தை உணரும் கருவி. வெட்டவெளியில் ஒரு தடவை பிடிப்போம், பிறகு மரத்துக்குக் கீழே பிடிப்போம். இரண்டுக்கும் இடையில் குறைகிற வெளிச்சம்தான் இலைகள் பிடித்துக்கொண்ட பங்கு. உச்சி வெயிலில் கண்டல் மரங்கள்கூட இலையின் சின்னத் துவாரங்களை மூடி, தண்ணீரை மிச்சம் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். படித்த நாங்கள் இருவரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு சேற்றில் நின்று, அவை ஓய்வெடுப்பதை அளந்துகொண்டிருப்போம். மந்தாரமான நாளில்தான் மரங்களுக்கு வேலை ஓடும் என்றார் மிஸ். மேகம் வெளிச்சத்தைக் கலைத்து எல்லாப் பக்கமும் அனுப்புவதால், உள்ளுக்குள் மறைந்திருக்கிற இலைக்கும் பங்கு போய்ச் சேருமாம்.

மாதங்கள் கழித்து முடிவைச் சொல்ல மிஸ் வீட்டுக்கு வந்தார். உம்மா வட்டிலப்பம் செய்திருந்தார். வாப்பா வெள்ளைச் சேர்ட் போட்டுக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கண்டல்தான் முதல் அங்கிள்" என்றார் மிஸ்.

"அந்தச் சேத்துக் காடா?"

"ஓம். வெளிச்சத்தைத் தரையில் விழவே விடுறதில்லை. அடுத்தது வெங்காயம். தண்ணியும் பசளையும் கிடைக்குதுதானே."

வீட்டில் ஒருவரும் மூன்றாவதைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று பேர் ஓடிய ஓட்டத்தில் அதைக் கேட்க என்ன இருக்கிறது?

"மரங்களில் பிழையில்லை" என்று மிஸ் அவசரமாகச் சொன்னார். "ரெண்டு மரத்துக்கு நடுவில் விழுற வெயில் எல்லாம் வெறும் மணலுக்குத்தான் போகுது."

வாப்பா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "அப்ப அந்தப் புல்லைப் பிடுங்காமல் விட்டிருந்தா?"

"கூடியிருக்கும் அங்கிள்."

"இதை நீங்க முதலே சொல்லியிருக்கலாமே!"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா வாப்பாவின் பீங்கானில் இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தார்.

ஒரு கிழமை வாப்பா காணிப் பக்கமே போகவில்லை. பிறகு வாழைக்கன்று கொண்டுவந்து நட்டார். மரவள்ளித் தடி ஊன்றினார், ஓரமாக அன்னாசி வைத்தார். மழைக்குப் புல்லும் எழும்பியது. அதை ஒருவரும் தொடக்கூடாது என்றார். சண்டை முடிந்து மன்னாருக்கே திரும்பிப் போயிருந்த என் பெரியவாப்பா ஒரு தடவை வந்து, வாசலில் நின்று காணியைப் பார்த்துவிட்டு, தம்பிக்கு ஏதும் சுகமில்லையா என்று உம்மாவிடம் இரகசியமாகக் கேட்டார். பள்ளிவாசலில் ஒருவர், காணியைக் கவனிக்க ஆளில்லையா, தான் வாங்கிக்கொள்ளவா என்றே கேட்டுவிட்டார்.

"இது கவனிப்பு" என்றார் வாப்பா. "வெயிலை வீணாக்கக்கூடாது."

வாழை குலை தள்ளிய பிறகு என்னைக் கொண்டு மிஸ்ஸுக்குப் போன் எடுப்பித்தார். "இப்ப வந்து அளந்து பாருங்க மிஸ்."

ஆராய்ச்சி முடிந்துவிட்டது, கருவியையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றார் மிஸ்.

"அளக்காட்டிப் போகட்டும். ஒரு குலை கொண்டு போங்களேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தன் அம்மாவோடு வந்தார். வாப்பா முன்னால் நடந்தார். கால் வைக்க இடம் தேடித்தான் போக வேண்டியிருந்தது. நடுக்காணியில் நின்று வாப்பா திரும்பினார். "எப்படி?"

"நல்லா இருக்கு அங்கிள்."

"நல்லா என்டா, எவ்வளவு?"

மிஸ் மேலே ஓலைகளைப் பார்த்தார். கீழே பார்த்தார். "கண்டலுக்குக் கிட்ட வந்திட்டீங்க" என்றார்.

அளக்காமல் அப்படிச் சொல்ல முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாப்பா கத்தியை எடுத்து, இருந்ததில் பெரிய குலையைத் தேடிப் போனார்.