'வாங்கலாம்' என்று ஓர் அரசாணை

அரசு அலுவலகத்துக்குப் பொருள் விற்கப் போகிறவனுக்கு நாலு கால் வேண்டும் என்பார்கள். எனக்கு இருப்பது ஒன்றரை. இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் சூம்பிவிட்டது. இரும்புக் கம்பியும் தோல்வாருமாக ஒரு காலிப்பர்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. ஓசூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் ஒன்பது வருஷம் இருந்தேன். கம்பெனி வேறு மாநிலத்துக்கு மூட்டை கட்டியபோது என்னைக் கட்ட மறந்துவிட்டது. அதற்குப் பிறகு தளி ரோட்டில், தகரக் கூரை போட்ட ஷெட்டில் நடக்கும் மாற்றுத்திறனாளிகள் தொழில் சங்கம் ஒன்றில் விற்பனையாளராகச் சேர்ந்தேன். நாங்கள் பன்னிரண்டு பேர். அரசு அலுவலகங்களில் காகிதம் கட்டி வைக்கிறார்களே, அந்த ஃபைல் பேட்தான் எங்கள் சரக்கு. அட்டை வெட்டி, துணி ஒட்டி, ஓட்டை போட்டு, கட்டுவதற்கு டேக் கயிறு கோத்துக் கொடுப்போம். வீல்சேரில் உட்கார்ந்தபடி எங்கள் எல்லோரையும் மேய்ப்பவர் லூர்துமேரி அக்கா.

எங்களைப் போன்ற சங்கங்களிடம் அரசு அலுவலகங்கள் முன்னுரிமை கொடுத்து வாங்கலாம் என்று ஓர் ஆணை இருக்கிறது. 'வாங்க வேண்டும்' இல்லை, 'வாங்கலாம்'. தமிழில் இந்த 'லாம்' இருக்கிறதே, அதைப் போல ஆளைக் கவிழ்க்கிற விகுதி வேறு கிடையாது. அரசு அலுவலகப் பெஞ்சில் அரை நாளாவது உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. தேயாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். படித்துவிட்டு ஒரு சூடம் ஏற்றுங்கள்.

சாய்தளம்

கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய அலுவலகம். பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அங்கே போயாக வேண்டும். பொருள் வாங்கும் பிரிவு இரண்டாவது மாடியில். லிஃப்ட் உண்டு. அதற்குள் உடைந்த நாற்காலிகளை அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலிப்பரை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து ஏறிப் போனேன். மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பிரிவு உதவியாளர் பதறிப்போனார். ஃபேனுக்கு நேராக நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். நல்ல மனுஷன். "கீழ சாய்தளம் கட்டியிருக்கோமே, பாக்கலீங்களா?" என்றார். பார்த்தேன். வாசலிலிருந்து வராண்டா வரை வழவழவென்று போகிறது. போய், மாடிப்படியின் முதல் படியில் கொண்டு விடுகிறது. அதைச் சொன்னேன். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது: "சாய்தளம் இருக்கணும்னுதாங்க மேலிடத்துல சொன்னாங்க. எங்க போகணும்னு சொல்லலை. இருக்குதுங்களா, இல்லீங்களா?"

ஃபைலில் இல்லாத கால்

உதவியாளர் என்னைக் கண்காணிப்பாளரிடம் அழைத்துப் போனார். கண்காணிப்பாளர் ஓய்வு பெற இன்னும் சில மாதம் இருந்தது. அதுவரை எதிலும் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ளாமல் போய்விட வேண்டும் என்பதே அவருடைய லட்சியம். சங்கத்தின் பதிவுச் சான்று கேட்டார், கொடுத்தேன். வேலை செய்பவர்களின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல் கேட்டார், கொடுத்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பதினொன்று இருந்தது.

"இன்னும் ஒண்ணு?" என்றார். மற்றவர்களுடையதையெல்லாம் தேடி எடுத்த அவசரத்தில் என்னுடையதை விட்டுவிட்டேன். "பன்னிரண்டாவது ஆள் நான்தாங்க" என்று சொல்லி, பேன்ட்டை முழங்கால் வரை தூக்கிக் காலிப்பரைக் காட்டினேன். மேஜைக்கு மேலே எட்டி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, வருத்தத்தோடுதான் சொன்னார்: "கால் தெரியுதுங்க. நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா ஃபைல்ல கால் இல்லீங்களே."

ரொம்ப நல்லா இருக்கு

நகல் எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறிய அன்று, மாதிரிக்கு இரண்டு ஃபைல் பேட் கொண்டுபோனேன். கண்காணிப்பாளர் பிரித்தார், மடித்தார், டேக்கை இழுத்துப் பார்த்தார், துணியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பிசிர் இல்லை, கோணல் இல்லை. அவர் முகம் மெல்ல மெல்ல இருண்டது. உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் சுரண்டிப் பார்த்தார்.

ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள், சரி செய்துவிடலாம் என்றேன். எனக்கும் கொஞ்சம் பயம்தான். கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தி, வீட்டு விஷயம் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "குறை இருந்தாத்தான் நம்பியிருப்பேனே. உண்மையச் சொல்லுங்க, பெங்களூர்ல எந்தக் கடையில வாங்குனீங்க?"

பார்வையிட வந்தார்கள்

சந்தேகம் தீர, இரண்டு பேரும் ஒரு நாள் ஜீப்பில் எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார்கள். ஓட்டை போடும் மிஷினில் சிவண்ணா இருந்தார். தளிக்காரர், வீட்டில் கன்னடம், பிறவியிலேயே காது கேட்காது. "எத்தனை வருஷமா இருக்கறீங்க?" என்று உதவியாளர் கேட்டார். சிவண்ணா வேலையை நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார். அவருக்குக் காது கேட்காதுங்க, தளிப்பக்கம் என்றேன். "ஓ, அப்படீங்களா" என்று தலையாட்டிவிட்டு அதையே கன்னடத்தில் கத்தினார். அந்தச் சத்தத்தில் கேட்டவர்கள் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள்தான். வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

அடுத்து முனிரத்னம்மா. பாகலூர் பக்கத்துக் கிராமம், தெலுங்கு பேசுகிற வீடு, அம்பது வயது, பார்வை அறவே கிடையாது. பேச்சை நிறுத்தாமல், கையையும் நிறுத்தாமல் டேக் கோத்துக்கொண்டிருந்தார். இத்தனை வேகமாகக் கோக்கிறவருக்குக் கண் தெரியாது என்பதைக் கண்காணிப்பாளரால் ஏற்க முடியவில்லை. சத்தம் போடாமல் கிட்டே போய், அவர் முகத்துக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். விரல்களை விரித்தும் மடக்கியும் காட்டினார். முனிரத்னம்மா ஒரு டேக்கைக் கோத்து முடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "காத்து நல்லா வருது சார். ஆனா மேல ஃபேன் இருக்குது, சுவிட்சு உங்க பின்னாடி. எதுக்குச் சிரமப்படறீங்க?"

சால்வை

ஆர்டர் வரவில்லை. அழைப்பிதழ் வந்தது. மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு எங்கள் பன்னிரண்டு பேரையும் கௌரவிக்கிறார்களாம். காலை ஏழு மணிக்கு வேன் பிடித்துக் கிருஷ்ணகிரி மைதானத்துக்குப் போனோம். மேடைக்கு ஆறு படி. லூர்துமேரி அக்காவை வீல்சேரோடு நாலு பேர் தூக்கினார்கள். தூக்கும்போது போட்டோ சரியாக விழவில்லை என்று இறக்கி, மறுபடி தூக்கினார்கள். அக்கா சேரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மேடையின் துணித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பற்றி ஒன்பது பேர் பேசினார்கள். 'தன்னம்பிக்கை' என்ற சொல் வரும்போதெல்லாம் கை தட்டினார்கள். வீல்சேரும் காலிப்பரும் நுழைய முடியாத கழிப்பறை ஒன்று மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. அதனால் காலையிலிருந்து எங்களில் பலர் தண்ணீர் குடிக்கவில்லை.

கடைசியில் ஆளுக்கு ஒரு சால்வை, ஒரு பாராட்டுச் சான்றிதழ். சான்றிதழை ஒரு புது ஃபைல் பேடுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். வேனில் திரும்பும்போது முனிரத்னம்மா சான்றிதழை உருவி மடியில் போட்டுவிட்டு, ஃபைல் பேடை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே வந்தார். சூளகிரி தாண்டியதும் கேட்டார்: "தம்பி, ஓட்டை கோணலா இருக்குது, பசை ஓரத்துல வழிஞ்சிருக்குது. நம்மளப் பாராட்டறதுக்கு இத யார்கிட்ட வாங்கினாங்க?"

பேர் மட்டும் போதும்

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்தபோது கம்பெனிகள் கொடுத்துக்கொண்டிருந்த சில்லறை வேலையும் நின்றது. கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டார்களாம், காகிதமே வேண்டாமாம். பன்னிரண்டு பேரில் ஆறு பேர் ஒரு வாரம் வர, ஆறு பேர் மறுவாரம் வருவது என்று ஆக்கினோம். மற்றவர்களுக்கு அது வருமானக் குறைவு. முனிரத்னம்மாவுக்கு அதற்கும் மேலே. வேலை இல்லாத வாரம் அவர் தம்பி வீட்டில் ஒரு மூலை. உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வந்துவிடும், எழுந்தால் மட்டும் "எங்க போறே?" என்று நாலு குரல் கேட்கும். ஷெட்டுக்கு வருகிற வாரத்தில் அவரே பஸ் ஏறுவார், கண்டக்டரோடு சண்டை போடுவார்.

அப்போதுதான் ஸ்டேஷனரி வியாபாரி ஒருவர் காரில் வந்தார். சரக்கு அவருடையது, பேரும் முத்திரையும் மட்டும் எங்களுடையது. முன்னுரிமையில் ஆர்டர் அவருக்கு விழுந்துவிடும், எங்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை. "சும்மா உக்காந்திருந்தாப் போதும். உங்களுக்கு இதவிட வசதியா வேற என்ன வேணும்?" என்றார். லூர்துமேரி அக்கா எல்லோரையும் வரச்சொல்லி, சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் தூக்கிய கை என்னுடையதுதான். மாடிப்படி அந்த அளவுக்கு என்னை அலுக்க வைத்திருந்தது. இரண்டு மூன்று கைகள் என்னோடு எழுந்தன. யார் தூக்கினார்கள் என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட முனிரத்னம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சும்மா உக்கார்றதுக்கு எங்க தம்பி வீட்ல மூலை இருக்குது தம்பி. அதுக்கு எதுக்கு பாகலூர்ல இருந்து பஸ் ஏறி வரணும்?"

கையை இறக்கினேன். அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அதில் கண் தெரியாத முனிரத்னம்மாவின் முகத்தைப் பார்ப்பதுதான் சுலபமாக இருந்திருக்க வேண்டும். அதுதான் முடியவே இல்லை. வியாபாரி கார் கதவைச் சாத்துமுன் சொன்னது இது: "நல்லது செய்யலாம்னு வந்தா, உங்களுக்கெல்லாம் இவ்வளவு ரோஷம் ஆகாதுங்க."

ரெண்டு விரல்

பழைய கண்காணிப்பாளர் எதிலும் மாட்டாமல் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஊத்தங்கரையிலிருந்து ஒரு அம்மா மாற்றலாகி வந்தார். நான் மாடி ஏறி மூச்சு வாங்க நின்றபோது நாற்காலியைக் கையால் காட்டினார். எங்கே ஊர், எப்படி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆணையைப் படித்தார். மாதிரியைப் பார்த்தார். அட்டை எத்தனை அவுன்ஸ் கனம், டேக் எத்தனை நீளம், எத்தனை நாளில் தருவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மறுவாரம் ஐநூறு ஃபைல் பேடுக்கு ஆர்டர் வந்தது. லூர்துமேரி அக்கா அந்தக் கடிதத்தை மூன்று தடவை சத்தமாகப் படித்தார். பன்னிரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்கு வந்தார்கள்.

சொன்ன நாளில் கொண்டுபோய் இறக்கினோம். மறுநாள் போன். வாருங்கள் என்றார் அந்த அம்மா. போனேன். மேஜையில் நாற்பது ஃபைல் பேடைத் தனியாக அடுக்கி வைத்திருந்தார். உதவியாளர் என் காலைப் பார்த்து, "மேடம், பாவம், அவங்க செஞ்சது, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே" என்றார். அந்த அம்மா ஸ்கேலை எடுத்து டேக்கின் மேல் வைத்தார். "பாவம் பாக்கறதுக்கு இது அன்னதானமா? டேக் ரெண்டு விரல் கட்டையா இருக்குது. நாப்பதையும் எடுத்துட்டுப் போயி, வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாக் கொண்டாங்க."

சண்டை

நாற்பது பேடோடு ஷெட்டுக்குத் திரும்பியதும் ஒரு சண்டை வந்தது பாருங்கள், அப்படியொரு சண்டையை நான் அங்கே பார்த்ததே இல்லை. டேக் வெட்டியவர் சிவண்ணா, கோத்தவர் முனிரத்னம்மா. கட்டையாக இருக்கிறது என்று அன்றைக்கே அவர் தோளைத் தட்டிச் சொன்னேன் என்கிறார் முனிரத்னம்மா. தோளைத் தட்டினால் டீக்குக் கூப்பிடுகிறாய் என்று அர்த்தம் என்கிறார் சிவண்ணா, சைகையில். இவருக்கு அவர் கை தெரியாது, அவருக்கு இவர் வாய் கேட்காது. நடுவில் லூர்துமேரி அக்கா. முனிரத்னம்மா தெலுங்கில் பொழிந்ததில் பாதியைத்தான் அவர் சைகையில் சொன்னார். மீதிக்குச் சைகை கிடையாது என்றார்.

கடைசியில் குற்றவாளி அகப்பட்டது. டேக்கை அளந்து வெட்டுகிற மரக்கட்டையின் ஓரம் ரெண்டு விரல் அளவுக்குச் சிதைந்திருந்தது. சிவண்ணா அதைத் தூக்கி எறிந்துவிட்டு இரும்பில் புதிதாக ஒன்று செய்துகொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை நாற்பதையும் கொண்டுபோனேன். அந்த அம்மா எல்லாவற்றையும் அளந்தார். சிரிக்கவில்லை, பாராட்டவில்லை, கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதத்துக்கு இன்னொரு ஆர்டரை எடுத்து நீட்டினார். ஷெட்டில் வந்து சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள், முனிரத்னம்மாவைத் தவிர. அவர் டேக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்தம்மா இனிமே ஒண்ணத் திருப்பி அனுப்பட்டும், அப்புறம் பேசிக்கலாம். சிவண்ணாகிட்டச் சொல்லுங்க, நான் தோளத் தட்டினா டீ இல்லேன்னு."

எங்களுக்கு நல்லது செய்ய வந்தவர்களை எல்லாம் தாண்டி, எங்களிடம் பொருள் வாங்க வந்த ஒரே ஒருவரைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் பிடித்தது என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் எனக்கு வேறு மனக்குறை கிடையாது.