இரண்டு விரற்கடை

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் நாற்காலி செய்யும் அந்த ஆளின் புருவமெல்லாம் மரத்தூள். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் முழங்காலைத்தான் பார்ப்பார். அறுபது எழுபது வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு மேதை வடிவமைத்த நாற்காலியின் படத்தையும் அளவையும் கொடுத்து, அப்படியே செய்யச் சொன்னேன். உயரத்தை மட்டும் இரண்டு விரற்கடை குறைத்து வைத்திருந்தார்.

“ஒங்க காலு தரைல படாது சார், அதான்.”

“அந்த மேதையையே திருத்துறியா நீ?” என்று நாலு பேர் எதிரில் கத்தி, படத்திலுள்ள அளவிலேயே வேறொன்று செய்யவைத்தேன்.

எடுத்துவரப் போனேன். முழங்காலைப் பார்க்காமல் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“அளவு கரீட்டா கீது சார். அவரு வந்தா ஒக்காரட்டும்.”

என் கோவளத்து வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்குகிறது. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மேதை இன்னும் வரவில்லை.