எழுந்து வந்த படங்கள்

சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஏழெட்டு வருஷத்தில் நாற்பது படமாவது பார்த்திருப்பேன். ஒரு படத்துக்குக்கூட முடிவைப் பார்த்ததில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். உள்ளே பிரித்து வைத்த புண்ணியவான்கள் வெளியே போகிற பாதையைப் பிரிக்கவில்லை. படம் விட்டால் அத்தனை பேரும் ஒரே வண்டிப்பாதையில்தான் ரோட்டுக்கு வர வேண்டும். "ஆம்பளைக் கூட்டத்துல இடிபட்டுக்கிட்டா வாரது?" என்று என் மாமியார் ஒரு சட்டம் போட்டிருந்தார். படம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போதே நாங்கள் கிளம்பிவிட வேண்டும். எங்கள் தெருவில் மரியாதைப்பட்ட குடும்பம் என்று சொல்லிக்கொண்ட எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். கதாநாயகி சாமி சன்னதியில் விழுந்து அழ ஆரம்பித்தால் போதும், மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏட்டி, எந்திரி" என்பார். நானும் நாத்தனாரும் திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போவோம்.

சரி, பாட்டுப் புத்தகத்தையாவது பார்ப்போமென்றால், அதில் கதைச் சுருக்கம் நல்ல இடத்தில் நின்றுவிடும். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பான். எங்கே காண?

என் வீட்டுக்காரர் சிநேகிதர்களோடு போய் ஒவ்வொரு படத்தையும் முழுசாகப் பார்த்துவிட்டு வருவார். முடிவு என்ன என்று கேட்டால், "என்னத்த, எல்லாரும் ஒண்ணு சேந்துட்டாவ. சோத்தப் போடு" என்பார். நாற்பது படத்துக்கும் அதே பதில். ஒரு படத்தில் கதாநாயகனைத் தூக்கிலே போட்டுவிட்டார்களாம், பக்கத்து வீட்டில் சொல்லித் தெரிந்தது. அதற்கும் இவர் 'சேந்துட்டாவ' என்றுதான் சொல்லியிருந்தார்.

எனக்கு ஒரு நடிகைமேல் பைத்தியம். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். மற்றவர்கள் அழுதால் கொட்டகையே அதிரும். இவள் சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் நிற்க ஒரு பார்வை பார்ப்பாள். எனக்கு அது போதும். சோப்பு விளம்பரத்தில் வந்த அவள் படத்தை வெட்டி டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன்.

அவள் நடித்த ஒரு படம். செய்யாத குற்றத்துக்குப் புருஷன் வீட்டைவிட்டுத் துரத்திவிடுகிறான். கடைசியில் விஷக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறாள். உதட்டுக்குக் கொண்டுபோகிறாள். "ஏட்டி, எந்திரி." எழுந்து வந்துவிட்டேன். அவள் குடித்தாளா இல்லையா? வீட்டுக்காரர் வழக்கம்போல் சேர்த்து வைத்தார். கிணற்றடியில் ஒருத்தி செத்துப்போனாள் என்றாள், இன்னொருத்தி குழந்தை ஓடி வந்து தட்டிவிட்டது என்றாள். யாரை நம்ப? எத்தனையோ நாள் சோறு இறங்கவில்லை.

மறு வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அதே படம் திரும்ப வந்தது. புளியங்குடி, கரிவலம் என்று சுற்றுவட்டாரமே கூடுகிற நாள். கொட்டகையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிப் பகலிலேயே ஆட்டம் போட்டார்கள். இந்தத் தடவை எழுந்திருப்பதில்லை என்று யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்துகொண்டேன்.

கிண்ணம் வந்தது. மாமியார் எழுந்தார்.

"நீங்க போங்க அத்தை. நான் முடிச்சிட்டுத்தான் வாரேன்."

"என்ன சொல்லுதா இவ?" என்று அவர் நாத்தனாரைக் கேட்டார். பின்னாலிருந்து, "உக்காருங்கம்மா, மறைக்கி" என்று சத்தம் வந்தது. மாமியார் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

கிண்ணம் உதட்டுக்குப் போனது. திரையில் நாலு கோடு ஓடியது. 'சுபம்' என்று சிலைடு விழுந்தது. அவ்வளவுதான். ஆண்கள் பக்கத்தில் விசிலும் வசவும் கிளம்பின, மணலை அள்ளி வீசினார்கள். கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டிருந்த ஆளிடம், "மிச்சம் எங்கண்ணாச்சி?" என்று கேட்டேன். "ஊரூராப் போயி அறுந்துட்டும்மா. பிரிண்டே அம்புட்டுதான் இருக்கு. வெளிய போங்க, அடுத்த ஆட்டத்துக்கு ஆள் நிக்கி" என்றான். மாமியார் சொன்னபடியே ஆம்பளைக் கூட்டத்தில் இடிபட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று முழுக்க வசவை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். மாமியார் முகம் கொடுத்தே பேசவில்லை. சாயங்காலம் அடுக்களையில் நான் மட்டும் இருந்தபோது வந்தார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"குடிச்சாளா, இல்லையா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக எங்களை எழுப்பி விட்டவரும் எந்த முடிவையும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பின்னே யாருக்காக எழுந்து எழுந்து வந்தோம்?

"தெரியாது அத்தை. அந்த இடம் அறுந்துபோச்சு."

"சொல்ல மனசில்லைன்னா போ" என்று திரும்பிப் போய்விட்டார். சத்தியம்கூடப் பண்ணிப் பார்த்தேன். சாகும்வரை அவர் நம்பவில்லை. 'குடிக்கலை அத்தை, பிழைச்சிக்கிட்டா' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இருந்த எரிச்சலில் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.