நிலவெடிப்புக்கு ஒரு பெல்லோஷிப்

1. தயார் மேட்டர்

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஜாப் டைப்பிஸ்டாக இருந்தேன். காலையும் மாலையும் லோயர், ஹையர் பரீட்சைக்குப் பழகும் பிள்ளைகள் தட்டுவார்கள். பகலில் வெளிவேலையை நான் ஒருத்தி பார்ப்பேன்: தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைகளின் கடிதங்கள், பத்திர நகல், மேல்படிப்புக்கு அப்ளிகேஷன். பேப்பரில் மேல்படிப்புக்குப் பணம் தரும் பெல்லோஷிப் விளம்பரம் வந்தால் எங்கள் மாஸ்டர் கத்தரித்து வாசல் போர்டில் ஒட்டிவிடுவார். அதைப் பார்த்துத்தான் பட்டதாரிகள் உள்ளே வருவார்கள்.

'ஏன் படிக்க விரும்புகிறீர்கள்' என்று அப்ளிகேஷனில் ஒரு பக்கம் கேட்பார்கள். அதற்கு மாஸ்டரிடம் தயாராக ஒரு மேட்டர் உண்டு. தாசில்தாருக்கு மனு எழுதிப் பழகிய கை அவருக்கு. ஏழைக் குடும்பம், நோயாளித் தகப்பனார், தாங்கள் கருணை கூர்ந்து... நான் பெயரை மட்டும் மாற்றி அடிப்பேன். எங்கள் மிஷின் வழியாகப் போன அத்தனை பேருடைய தகப்பனாரும் படுத்த படுக்கைதான். ஒருவருக்கும் பெல்லோஷிப் கிடைத்ததாக நினைவில்லை. ஏன் என்று எனக்குள் ஒரு குடைச்சல் இருந்துகொண்டே இருந்தது.

2. செல்வமேரியின் அப்பா

செல்வமேரி விளாத்திகுளம் பக்கத்துப் பெண். பி.எஸ்சி. முடித்தவள். வடக்கே ஒரு நிறுவனம் மண்ணியல் படிக்கக் கொடுத்த பெல்லோஷிப்புக்கு அப்ளிகேஷன் அடிக்க அப்பாவோடு வந்தாள். அது கிடைக்காவிட்டால் தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதும் வேலை. முதலாளி இடம் பிடித்து வைத்திருந்தார். அங்கே போய் உட்கார்ந்தால் படிப்பு அத்தோடு சரி.

அடித்த தாளை மாஸ்டர் தமிழில் படித்துச் சொன்னார். அப்பா குறுக்கிட்டார்.

"அண்ணாச்சி, நோயாளின்னு யாரைச் சொல்லுதீங்க?"

"உங்களைத்தான். எல்லாருக்கும் அப்படித்தான் போடுதது."

"நான் காலையில மொளகாய்க்குக் களை வெட்டிட்டு வாரேன். எனக்கு ஒரு நோக்காடும் கெடையாது. அதை எடுத்துருங்க."

மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. "அதை எடுத்தா அப்புறம் என்ன இருக்கு? அவிய எதுக்கு இரங்குவாவ?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் செல்வமேரியிடம் கேட்டேன். "ஏட்டி, நெசமா நீ எதுக்குப் படிக்கப் போற?"

அவள் குனிந்துகொண்டாள். 'எனக்கு' என்று ஆரம்பித்துப் பேச நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு லேசில் வராது. அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். "அந்த வெடிப்பு விசயத்தைச் சொல்லேம்ளா."

விஷயம் இதுதான். கோடையில் கரிசல் வெடிக்கிறது, மழையில் மூடிக்கொள்கிறது. அடுத்த கோடையில் அதே இடத்தில்தான் வெடிக்கிறதா? உழாத தரிசில் வெடிப்பின் ஓரத்தில் அடையாளத்துக்கு வேப்பங்குச்சி நட்டு வருசாவருசம் பார்த்து வருகிறாள். சில வெடிப்பு பழைய இடத்திலேயே வருகிறது, சிலது தள்ளிப் போய்விடுகிறது. ஏன் என்று தெரியவில்லை. பேசப் பேச அவள் குரல் ஏறியது. நான் மிஷினை விட்டுவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டேன். அதே மண்ணில் நடந்து வளர்ந்த எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

"இதையே எழுது," என்றேன்.

"இதைப் போட்டா சிரிப்பாவ," என்றார் மாஸ்டர்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாவ," என்றார் அப்பா.

அவளே இங்கிலீஷில் எழுதினாள். நான் கார்பன் வைத்து அடித்துக் கொடுத்தேன். அன்றே தபாலில் போனது.

3. எனக்கு வந்த கேள்வி

இன்டர்வியூவில் வெடிப்பைப் பற்றியே துருவிக் கேட்டார்களாம். "தெரியாது சார், அதைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்" என்று சொன்னாளாம். பெல்லோஷிப் கிடைத்துவிட்டது. எனக்கே கிடைத்ததுபோல் சந்தோஷப்பட்டேன்.

மகளை ரயிலேற்றிவிட்டு அப்பா நேரே எங்களிடம் வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் இடம் வேண்டாமென்று முதலாளியிடம் சொல்லியாயிற்று என்றார். எழுந்தவர் போகாமல் நின்றார்.

"எம்மா, ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்குதியே. ஒனக்கு என்ன தெரியணும்னு யாராவது கேட்டாவளா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாருமே கேட்கவில்லை என்ற கோபம். அவர் போனதும் வெள்ளைத்தாளைச் சொருகிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. வருவதற்கு வெகுகாலம் ஆயிற்று. வந்த வரி இதுதான்: நாம் யாருக்கு எழுதினாலும் ஏன் கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறோம்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் தபால்வழியில் வரலாறு படித்தேன்.

பெல்லோஷிப் தேடும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: விளம்பரத்தைத் தேடுமுன் வெள்ளைத்தாளோடு கொஞ்சநாள் உட்காருங்கள். நமக்கு என்ன தெரியணும் என்கிற அந்த ஒரு வரி வந்துவிட்டால், யாரிடமும் கெஞ்சத் தோன்றாது.