பார்க்காத பாதம்

நடவு நாளன்று வரப்பில் ஏறி நின்றேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த அஞ்சலை நிமிர்ந்து, "அண்ணே, நீங்க நிக்கிற எடத்துல ரத்தமா இருக்கு" என்றாள். வலது கால் பெருவிரலுக்கு அடியில் நத்தை ஓடு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. வலி துளிகூட இல்லை. இத்தனை பெண்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம்தான் எனக்கு முதலில் வந்தது.

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம். தஞ்சாவூரில் டாக்டரம்மா ஒரு மெல்லிய நைலான் இழையால் என் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். எப்போது தொடுவார் என்று நான் காத்திருந்தேன். அவரோ மூன்று முறை தொட்டு முடித்திருந்தார். நியூரோபதி (நரம்பு கெட்டுப் பாதத்தில் உணர்வு போவது) என்றார். வெறுங்காலோடு ஓரடிகூட வைக்கக் கூடாது, தினம் அரைமணி நடக்க வேண்டும், தினமும் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. இதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் செருப்புப் போட்டேன், அது உண்மை. வயலில் மட்டும் முடியவில்லை. செருப்பை வரப்பில் விட்டுத்தான் எங்கள் பக்கம் சேற்றில் இறங்குவோம். பயிர் நிற்கிற இடத்தில் செருப்புக் காலா? ரப்பர் பூட்ஸ் போட்டால் ஊரே சிரிக்குமே என்ற வீம்பு வேறு.

கண்ணாடி விஷயம் இன்னும் கேவலம். காப்பி கொடுக்கும்போதெல்லாம் என் மனைவி மல்லிகா, காலைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். பார்த்தாச்சு என்பேன். பார்த்ததே இல்லை. தொப்பை குனிய விடவில்லை என்பது சாக்கு. நோயாளி மாதிரி உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்க்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

நத்தை ஓடு குத்திய பிறகாவது வாயைத் திறந்தேனா? மஞ்சளை அப்பி, சாக்ஸ் மாட்டிக்கொண்டேன். பித்தவெடிப்பு என்று மல்லிகாவிடம் சொன்னேன். பத்தாம் நாள் துணி துவைக்கும்போது சாக்ஸில் நாற்றம் கண்டு அவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

தினம் பார்க்கச் சொன்னேனே என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் மல்லிகா முந்திக்கொண்டாள்.

"தினமும் பாத்தாங்க டாக்டர். நான் கேக்காத நாளே இல்ல."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலை எடுத்தார்கள். கவனம் தப்பினால் அடுத்தது பாதம்தான் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது எல்லாம் செய்கிறேன். கால் கழுவி விரலிடுக்கைத் துணியால் ஒற்றுகிறேன். ஷூவை உதறிவிட்டுத்தான் போடுகிறேன். ஒருநாள் புளியங்கொட்டை விழுந்தது. மதகு வரை நடந்து திரும்புகிறேன். என்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன், இதில் கஷ்டம் எதுவுமே இல்லை. அதை நினைத்தால்தான் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

இதுவரை எழுதியதை மல்லிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் கேட்ட இடம் வந்ததும் கை நின்றது.

"அப்ப அந்தம்மாகிட்ட என்னைப் பொய் சொல்ல வச்சிட்டீங்க."

அப்புறம் இரண்டு நாள் அவள் என் காலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

முன்பு என் நாட்கள் குறுவை, சம்பா என்று ஓடின. இப்போது ஒரு விடியலுக்கும் மறு விடியலுக்கும் நடுவில்தான் எனக்குக் கணக்கு. இன்று விடிந்ததும் நானே கூப்பிட்டேன். "மல்லிகா, இன்னும் பாக்கல. நீயும் வந்து பாரு."

வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியை ஒதுக்கிவிட்டு என் காலை மடியில் எடுத்து வைத்துத் தடவினாள். அவள் கை எங்கே படுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவளே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இங்க ஒண்ணுமில்ல. இங்கயும் ஒண்ணுமில்ல."