காலையில் மூடாத கை

அந்த அலுமினியச் சட்டியில் ஆவி பறக்கும். சித்தி இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை வெந்நீரில் விட்டுக்கொண்டு, அடுப்பை முறைத்தபடி உட்கார்ந்திருப்பாள். ஏற்காட்டு மலையில், எங்கள் செம்மநத்தத்துப் பனியில் விடிகிற காலைகளில் அவள் விரல்கள் மடங்கவே மடங்காது. அவளுக்கு நான்தான் தலை பின்னிவிடுவேன். "பொறு கண்ணு, இதுக இன்னும் எந்திரிக்கல" என்பாள், தூங்குமூஞ்சிப் பிள்ளைகளைச் சொல்வதுபோல.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்கள் காலையில் பேர் கூப்பிடும்போதே இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சித்தியால் அது முடியாது. ஆனால் வெயில் ஏறிவிட்டால் அவள் கையும் மற்றவர்களைப் போலவே ஓடும். அதுதான் வினையாகிப் போனது. நோய் என்றால் நாள் முழுக்க நோயாக இருக்க வேண்டுமாம்! மத்தியானம் நன்றாகப் பறிக்கிறவள் காலையில் நடிக்கிறாள் என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். இன்னொரு முறை தாமதமாக வந்தால் பதிவேட்டிலிருந்து பேரை அடித்துவிடுவேன் என்றார், வருகைக் கணக்கு எழுதும் ரைட்டர். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கூலிதான் சோறு.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இது முடக்குவாதம் என்று விளக்கியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கிருமிகளை அடிக்க வேண்டிய ரத்த வெள்ளையணுக்கள் ஆள் தெரியாமல் மூட்டின் உள்சவ்வுக்குள் கூட்டமாகப் புகுந்துவிடுகின்றன. அவை கிளப்பிவிடும் வேதிப்பொருள்களால் சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டு காலையில் இறுகிப்போகும். அசைய அசைய இளகும்.

"ஏனுங்க, அப்ப என்ற ஆளுகளே என்னைய அடிக்கறாங்களா?" என்று கேட்டாள் சித்தி. ஆமாம் என்று சிரித்தார் டாக்டரம்மா. சித்தி சிரிக்கவில்லை. "மாத்திரைய எழுதுங்க. ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

மறுநாள் அவள் சட்டியைத் தொடவில்லை. பேர் கூப்பிடும் இடத்தில், ரைட்டர் முன்னாலேயே கூடைக் கயிற்றைக் கட்டிப் பார்த்தாள். கயிறு நழுவி நழுவி விழுந்தது. உதவிக்கு வந்தவர்களைத் தள்ளிப் போகச் சொன்னாள். எல்லோரும் பறிக்கப் போன பிறகும் விரல்களை மடக்கி நீட்டியபடி அங்கேயே நின்றாள். வெயில் ஏறி ரைட்டர் திரும்பி வந்தபோது, அதே கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுக் காட்டினாள்.

"பாத்துக்குங்க, காலைல இருந்ததும் இதே கைதானுங்க. இது எந்திரிச்சாத்தான் நான் வருவேன். பொழுது சாயற வரைக்கும் பறிச்சுத் தாரேன். பேரை அடிக்கறதுன்னா இப்பவே அடிங்க."

அவர் பேரை அடிக்கவில்லை. என்னவோ முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

மருந்துக்கு முன்னே அரித்துப் போன எலும்பு திரும்பவில்லை, விரல்கள் கோணிக்கொண்டன. அந்தக் கோணல் விரல்களால் பறித்துத்தான் என்னை டீச்சராக்கினாள்.

இப்போது சித்தி இல்லை. அந்த அணுக்கள் என் மூட்டுகளுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டன. முதல் பீரியடை மாற்றித் தரும்படி கேட்டதற்கு, நேற்று எங்கள் ஏற்காட்டுப் பள்ளியின் தலைமையாசிரியை சொன்னார்: "மத்தியானம் போர்டு நெறைய எழுதறீங்களே டீச்சர், காலைல மட்டும் என்னங்க?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நன்றாகவே வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுப்பில் அதே சட்டி. வெந்நீரில் ஆவி பறக்கிறது. இன்றைக்கு இதில் நான் கைவைக்கப் போவதில்லை. நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய் ஒரு சாக்பீஸ் கேட்கப் போகிறேன், இன்னும் மடங்காத இதே கையை நீட்டி.